அசல் காசைப் போலி என்றாயே

மாசாய்

அன்புள்ள மகன் ஜீவனுக்கு, அப்பா வீரமுத்து எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம். பெர்த்தில் வெயில் கொளுத்துகிறதாமே, நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுக்கு நலமா என்று மட்டும் என்னைக் கேட்காதே. போனில் பேசினால் அடுப்படிவரை கேட்கும் வீடு இது, அதனால்தான் தபால். தனியாக உட்கார்ந்து படி.

உன் அம்மாவுடைய ராஜா தலை வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு நேற்று ஜேபி டவுனுக்குப் போனேன், தீபாவளிக்கு வந்தபோது மதிப்புப் பார்க்கிறேன் என்று நீ கொண்டுபோன அதே காசுக் கடைக்கு. போலி என்று நீ சொன்ன நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம். கடைக்காரச் சீனர் நிறுத்துப் பார்த்தார், விளிம்பு வரிகளைப் பார்த்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அசலி லா அங்கள், அசல் காசுதான், அன்றைக்கே உங்கள் மகனிடம் சொன்னேனே என்றார். கை பட்டுத் தேய்ந்த காசை வாங்க ஆள் உண்டாம், போட்டுத் தேய்த்த காசை விவரம் தெரிந்தவன் தொட மாட்டானாம். எனக்கே காட்டினார், ராஜா கன்னம் முழுக்க மயிர் மயிராகக் கீறல், எழுத்து இடுக்கில் இருக்க வேண்டிய பழைய கறுப்பு துளியும் இல்லை. குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாயாமே, நீயே அவரிடம் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருஷம் சாமி மேடையில் வைத்து வெள்ளிக்கிழமை பொட்டு வைத்தவள் உன் அம்மா, துணியால் ஒற்றி எடுப்பாளே தவிர புளி பக்கமே கொண்டுபோனதில்லை. பளபளவென்று இருந்தால் விலை ஏறும் என்று எந்த மடையன் உனக்குச் சொன்னான்?

காசு கெட்டதற்காக நான் கொதிக்கவில்லை. திட்டுக்குப் பயந்து, போலி என்று சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ப்ளேன் ஏறினாயே, அதற்குத்தான். காஹாங் தோட்டத்தில் உழைத்த உன் தாத்தா ஐயாசாமி, நகை போட முடியலம்மா, அப்பனால இது ஒன்னுதான் முடிஞ்சது என்று கல்யாணத்தன்று உன் அம்மா கையில் வைத்த காசு அது. இப்போது சாமி மேடையிலிருந்து எடுத்துப் பட்டன் டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். போன அமாவாசைக்குப் படையல் போடும்போது, அப்பா தெரிஞ்சே என்னைய ஏமாத்தினாரா, இல்ல அவரையே எவனாச்சும் ஏமாத்திட்டானா என்று என்னிடம் கேட்டாள். செத்துப்போன மனுசனுக்குப் பொய்யன் பட்டம் வாங்கிக் கொடுத்தவன் நீ. நான் உண்மையைச் சொன்னால் பிள்ளை பயந்துட்டான் என்று உனக்கு அவளே சாக்குத் தேடுவாள், நீயும் தப்பித்துவிடுவாய். அது நடக்காது, உன் வாயால்தான் வர வேண்டும். தாத்தா திதி வருகிறது, கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு.

தங்கச்சி சாந்தினிக்கு சிங்கப்பூரில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. இருட்டோடு மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டுகிறாள், எனக்கு அதுவும் ஒரு கவலை. நீ கண்ட நேரத்தில் சாப்பிடாதே, வயிறு கெடும். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ கூப்பிட்டதும் அம்மா சாப்பிட்டியா என்றுதான் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லாதே. சாப்பிட்டேம்மா என்று ஆரம்பித்தால் பேச்சு அப்படியே போய்விடும், நீயும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவாய். தாத்தா கொடுத்தது நல்ல காசும்மா என்பதுதான் உன் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரமுத்து