கொட்டுச் சத்தத்தில் விழுந்தவள்

அன்னக்கொடியின் அப்பாவுக்கு,

“கொட்டுச் சத்தம் கேட்டா எனக்கு மட்டும் ஏம்மா கண்ணு இருட்டுது? சாமிக்கு என் மேல கோவமா?” என்று ஏழு வயதில் நம் பிள்ளை கேட்டாள். அருள் வருகிறது என்று நாம் திருநீறு பூசி விட்டுவிட்டோம்.

மதுரை டாக்டர் நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார். இதயத் துடிப்பில் கோளாறாம். ரத்த உறவு வழியாக வருவதாம். சாமியாடி விழுந்து எழாமலே போன உங்கள் தங்கைக்கும் இதுதான் இருந்திருக்கும் என்றார். இதற்கென்று பார்க்கும் டாக்டர் மெட்ராஸில்தான் இருக்கிறாராம். மாத்திரை உண்டு, உறுதி இல்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிள்ளையோடு ரயிலேறுகிறேன்.

சோறு உறியில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம். கன்றுக்கு வைக்கோல் போடுங்கள். “சாமி குத்தமாயிரும்டி” என்று நேற்று நீங்கள் கத்தியதும் பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும்.

மறந்துவிட்டேன். போன திருவிழாவில் நாமெல்லாம் கும்பிட்டு நிற்க, அடித்த கொட்டு மேளத்தைக் கீழே போட்டுவிட்டு, விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பேச்சிமுத்து அண்ணன். தொட்டதற்காக அவரை அடித்தீர்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்று அவர் வீட்டார் வேலைக்குப் போன பிறகு, நம் கிணற்றில் இறைத்து அவர்கள் வீட்டுப் பானைகளை நிரப்பிவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை.