ஏரியின் அந்தக் கரைக்காரிக்கு

பழைய மார்க் ஷீட் ஒன்றைத் தேடி பீரோவைக் கலைத்தபோது உன் அட்டை கையில் சிக்கியது. மாதிரிப் பேச்சுவார்த்தை வகுப்பில் நம் முன்னால் நிறுத்தி வைப்பார்களே, நாட்டின் பெயர் எழுதிய மடிப்பு அட்டை, அதுதான். முன்பக்கம் உலகத்திலேயே இல்லாத ஒரு நாட்டின் பெயர். பின்பக்கம் உன் கையெழுத்து, தெலுங்கு எழுத்தில் நம் தமிழ்: "சிரிக்காதடி, அந்தம்மா நம்மளயே பாக்குது." எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிரிப்பு வரவில்லை. பீரோவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன? நீ இருந்தபோதே உன் முகத்தைப் பார்த்துப் பேசப் பயந்தவள் நான்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை அளந்து படம் வரைய டச்சு நாட்டு மாணவர்கள் வந்தார்களே, எல்லாம் அதிலிருந்து தொடங்கியது. மறு வருடம் அவர்கள் கல்லூரி நம்மை அழைத்தது. ஏரியின் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தி, ஆந்திரப் பக்கத்துத் தீவிலிருந்து ஒருத்தி. ஐந்து மாதம், பன்னாட்டு உறவுகள் பாடம், இருவருக்கும் ஒரே அறை. நல்ல மனதோடு யாரோ செய்த ஏற்பாடு. நம் இரண்டு ஊரும் ஒன்றின் படகை மற்றொன்று பிடித்து வைத்துக்கொள்ளும் ஊர்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? விமான நிலையத்தில் உன் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நான் ஓரடி தள்ளி நின்றேன். நீயோ, "உங்காளுங்கதான எங்க வலைய அறுத்தது?" என்று கேட்டுவிட்டு, ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தாய்.

அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் நம் ஏரியின் பழைய வரைபடத்தைக் காட்டினார்கள், நினைவிருக்கிறதா? கோட்டை இருந்தது, முகத்துவாரம் இருந்தது, எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்றுகூட இருந்தது. நீ மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, "கோடு எங்கடி?" என்றாய். அந்தக் காலத்தில் ஏரிக்குள் எல்லைக் கோடு இல்லை. நம் காலத்திலும் தண்ணீரில் கோடு இல்லை, நட்டு வைத்த கம்பங்கள்தான். காற்றில் ஒரு கம்பம் சாய்ந்தால் அன்றைக்கு ஒரு சண்டை.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை அது நடந்தது. மாதிரிப் பேச்சுவார்த்தையின் கடைசிச் சுற்று. ஆற்றின் மேல்பக்கத்து நாடு நீ, தண்ணீர் கேட்கும் கீழ்ப்பக்கத்து நாடு நான். உள்ளே நுழையப் போகும்போது அம்மாவின் ஃபோன். அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் கம்பத்தைத் தாண்டி வந்தார்கள் என்று உங்கள் ஆட்கள் பிடித்துக் கரையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே அப்போது மதியம் மூன்று மணி. ஐந்து மணிக்குப் போலீசில் ஒப்படைப்பதாகப் பேச்சு. அண்ணன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. இன்னொன்று சேர்ந்தால் ஜெயில்தான் என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். அண்ணிக்கு முதல் பிரசவம், அது ஒன்பதாம் மாதம்.

உங்கள் ஊர்த் தலைவர் உன் நைனா. அதை உன்னிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே நடைவழியின் ஓரத்துக்கு என்னை இழுத்துப் போய், "இன்னா ஆச்சு?" என்றாய். சொன்னேன். நீ ஃபோனை எடுத்தாய், மறுபடி பைக்குள் வைத்தாய்.

"நான் கேட்டா செய்வாருடி. அதான் பயமா இருக்குது."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. செய்வார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"நான் பேசுனேன்னு ஒரு உசுருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

செய்தேன். நீ நைனாவை அழைத்து, ஜன்னல் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினாய். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு அழுகை. உள்ளே நம் இரண்டு நாட்டின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் எதிரெதிரே உட்கார்ந்தோம். தண்ணீர் விட முடியாது என்று நீ வாதாடினாய், விட்டே தீர வேண்டும் என்று நான். மேசைக்கு அடியில் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே மணி நாலரை ஆனபோது அண்ணனிடமிருந்து ஒரு வரி: "உட்டுட்டாங்க."

காற்று தள்ளித்தான் படகு கோட்டைத் தாண்டிவிட்டது, இந்த ஒரு தடவை எச்சரித்து விடுவோம் என்று உன் நைனா தன் ஆட்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். கௌரவமான முடிவு. யாருக்கும் தலைகுனிவு இல்லை. அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும்.

அம்மா மறுபடி அழைத்தாள். நம்பவே மாட்டேன் என்கிறாள். திரும்பி வந்து பிடிப்பார்கள், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று ஒரே ஒப்பாரி. அவளைத் தேற்ற ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "பயப்படாதம்மா, என் ரூம்ல இருக்கிறவ தலைவரோட பொண்ணு. அவ அழுது கேட்டிருக்கா, அவரு உட்டுட்டாரு." பத்து நொடி இருக்கும். அம்மா சந்தோஷத்தில் அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அனுப்ப, அவள் ஊர்க் குழுவில் போட, விளக்கு வைப்பதற்குள் அது கம்பத்தைத் தாண்டி உங்கள் தீவுக்குப் போய்விட்டது.

பெண்ணின் கண்ணீருக்கு ஊரை விட்டுக்கொடுத்தவர் என்று கூட்டம் போட்டு உன் நைனாவைத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். அவர் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினொரு நாள் ஒரே அறையில் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாய்:

"உங்கம்மா அழுதாங்கன்னு நீ சொல்லிட்ட. எங்க நைனா அழுதா நான் யாருகிட்ட சொல்றது?"

ஐந்து மாதம் முடிந்து ஊர் திரும்பினோம். வெளியுறவுப் பணித் தேர்வுக்கு நீ படிக்கிறாய் என்று யாரோ சொன்னார்கள். நைனா உன்னோடு பேசத் தொடங்கிவிட்டார் என்றும் கேள்விப்பட்டு நிம்மதியானேன். போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடியே இரண்டு மழைக்காலம் போயிற்று. பிறகு உனக்குக் காய்ச்சல், ஆறே நாளில் போய்விட்டாய். அண்ணன்தான் என்னைப் படகில் கூட்டி வந்தான். அவன் கரையில் இறங்கவில்லை. உன் நைனா என்னைப் பார்த்து, "வந்தியா பாப்பா" என்றார், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு என்ன வேலை தெரியுமா? சிரிப்பாய். இரண்டு கரைச் சங்கங்களும் பேசும்போது நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, பேசியதை நோட்டில் எழுதுவது. போன வாரம் எளாவூர்ப் பக்கம் ஒரு வகுப்பறையில் கூட்டம். முகத்துவாரம் தூர்ந்துபோய் எங்கள் பக்கம் மீனே இல்லை. எங்கள் ஆட்கள் உங்கள் பக்கம் வந்தே தீருவோம் என்கிறார்கள், வந்தால் படகைக் கொளுத்துவோம் என்கிறார்கள் உங்கள் ஆட்கள். மத்தியானம் வரை கூச்சல். இரண்டு தடவை பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கைபம்பில் கை கழுவும்போது, உங்கள் ஆட்களோடு வந்திருந்த உன் நைனா பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"மூணு மாசம். நண்டு வலை மட்டும். ரெண்டாவது கம்பம் வரைக்கும் வரட்டும். நீயே சொல்லு, நான் சொன்னதா வேணாம்."

இவ்வளவுக்குப் பிறகும் அவர் இதை என்னிடம் நம்பிச் சொல்கிறார். நீ இருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பார்.

உள்ளே போய் என் யோசனையாகச் சொன்னேன். முதலில் எழுந்து கத்தியவர் உன் நைனாதான். "எழுத வந்த பொண்ணு இன்னாத்துக்கு நாயம் சொல்லுது?" கையை ஓங்காத குறை. என் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். "அவங்களுக்கு வக்கீலா நீ? எவ்ளோ நாளா இந்த வேல?" முகம் சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோர் வாயும் அடைபடும். நாக்கின் நுனியில் இருந்தது. நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கத்தி ஓய்ந்தபின் உன் நைனா, "என்னமோ பண்ணுங்க, மூணு மாசந்தான" என்று சலித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரே அடங்கிவிட்டார் என்று உங்கள் ஆட்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நாலு மணிக்குக் கையெழுத்தாயிற்று.

திரும்பும் வழியில் அண்ணன் விடவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"நானே யோசிச்சேன்."

"உனக்கு ஏதுடி அவ்ளோ மூள?"

அவனுக்குச் சந்தேகம் போகவில்லை. என் ஆட்களில் பாதிப் பேர் இப்போதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, விலைபோனவள் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். பஸ்ஸில் இருந்தபோது அம்மா அழைத்தாள். நாளெல்லாம் பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள், குரலே உடைந்திருந்தது. படகைக் கொளுத்துவார்களா, அண்ணன் போகலாமா, யாராவது நல்லவர்கள் பேசினார்களா என்று அழுதாள்.

"முடிஞ்சுதும்மா" என்றேன்.

"யாருடி பேசுனாங்க?"

"முடிஞ்சுதும்மா."