ஆறாம் மேசையில் நின்றுபோன நாற்பத்திரண்டாம் பாடம்

அனுப்புநர்:
முன்னாள் ஒப்பந்தத் தொழில்நுட்பர்,
பொது நூலகக் கணினி அறை.
உறுப்பினர் எண் 2217

பெறுநர்:
நூலகத் துறை அலுவலர் அவர்கள்

பொருள்: இணையவழித் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பாடங்களின் மீதுள்ள தடையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 14.03.2024 வியாழன் காலை 10.20 மணிக்கு, ஆறாம் மேசைக் கணினியில் என் அக்கா திறந்த மூன்று தளங்களும் 'அனுமதி இல்லை' என்றன. ஐம்பத்திரண்டு பாடங்களில் நாற்பத்தொன்றை முடித்திருந்தார். மீதி பதினொன்று.

2. அக்கா மருத்துவமனைப் பதிவு மேசையில் ஏழு வருடமாக வேலை செய்கிறார். நோயாளிகள் பதிவுக் கணினித் திரையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அந்தத் திரைகளை மாற்றி வரையும் குழுவில் சேர 25-ஆம் தேதி தேர்வு. வயது வரம்பினால் அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் இருப்பது கைப்பேசி மட்டும். உள்ளங்கை அளவில் திரை வடிவமைக்கப் பழக முடியாது. என் மடிக்கணினி நிறுவனத்துடையது. சொந்த வேலைக்குத் தொடக் கூடாது.

3. அவருக்குப் பிடித்த அந்த மூன்று தளங்களும் இலவசம். முதலாவதில் ஆசிரியர் தான் செய்த தவறையும் அழிக்காமல் காட்டி, திருத்திக் காட்டுவார். அது காணொளி என்பதால் தடைப் பட்டியலில் 'பொழுதுபோக்கு'. இரண்டாவதில் நிறப் பொருத்தம் பழகலாம். மதிப்பெண் போடுவதால் 'விளையாட்டு'. மூன்றாவதில் நம் வரைபடத்துக்குப் பிறர் குறை சொல்வார்கள், ஆகவே 'அரட்டை'. ஜோசியத் தளம் தாராளமாகத் திறக்கிறது. சோதித்துப் பார்த்தேன்.

4. நூலகர் அம்மாவிடம் கேட்டோம். "மேலேருந்து எழுத்துல வந்தாதான் கை வைப்பேன் தம்பி" என்றார். அவர் மேல் தப்பில்லை.

5. தப்பு என்னுடையது. 2022 ஜூனில், பையன்கள் படம் பார்ப்பதை நிறுத்தும்படி உங்கள் அலுவலகம் உத்தரவிட்டது. ஒவ்வொரு தளமாகப் பார்க்காமல், வகை வகையாக மொத்தமாகத் தடுத்துவிட்டு ஒரே மதியத்தில் வேலையை முடித்தவன் நான். சோதனைக்காக ஆறாம் மேசையை மட்டும் தடைக்கு வெளியே வைத்தேன். அதைச் சேர்க்க மறந்தும் போனேன். அக்கா நாற்பத்தொரு பாடம் படித்தது என் மறதியால்தான். சென்ற புதனன்று அந்த மேசைக்குப் புதுக் கணினி வந்தது. மற்றவற்றோடு அதுவும் தடைக்குள் போனது.

6. "எவனோ சோம்பேறி பூட்டிட்டுப் போயிருக்கான்டா" என்றார் அக்கா, வீடு திரும்பும் வழியில். நான் தேர்வைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

7. கடவுச்சொல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதுவரை அதைப் பயன்படுத்தவில்லை. உடனே மாற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் இந்த மூன்று தளங்களையும் திறக்க எழுத்தில் உத்தரவிடுங்கள். கோப்பு மேசை மேசையாக நகர நேரமில்லை. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. 18-ஆம் தேதி காலை 10 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் நிற்பேன். உத்தரவு கிடைத்தால், நூலகர் முன்னிலையில் பதினைந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பேன்.

2. தடைபட்ட மற்றத் தளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எதில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்று எழுதித் தருவேன். அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

3. அதுவரை பாடங்களைக் கைப்பேசியில் பார்த்து, திரைகளைத் தாளில் பெரிதாக வரைந்து அக்காவிடம் கொடுப்பேன். என் கோடு நேராக வராது.

4. அந்தச் சோம்பேறி யார் என்று இன்று மாலை அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

நாள்: 15.03.2024
இடம்: நூலகம், ஆறாம் மேசை

இப்படிக்கு,
(ஒப்பம்)
உறுப்பினர் எண் 2217