காட்டான் காலில் நான் மாட்டிய வளையம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே போதும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடி ஏறச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. போனில் சொல்லப் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் மலைக்குப் பறவைக் கணக்கெடுக்கப் போன நீ, ஒரு காட்டுப் பறவையின் முட்டையைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டிலேயே இரண்டு நாள் நடந்து வந்து என் கையில் கொடுத்தாயே. நாம் வேலை பார்த்த இனப்பெருக்க மையத்தில் இருக்கிற பறக்காத பறவைகள் எல்லாம் மூன்றே பறவைகளின் வம்சம், அண்ணனுக்கே தங்கையைக் கட்டிவைக்கிறோம், காட்டு ரத்தம் வந்தால்தான் தழைக்கும் என்றாய். நீ காய்ச்சலில் படுத்திருந்தபோது, பொரிப்பு அறையில் அதைத் திருப்பி வைக்கையில் என் கை நழுவிவிட்டது. உள்ளே குஞ்சு அசைந்தது, பிறகு அசையவில்லை. இருபது வருஷத்தில் ஒரு முட்டை உடைக்காதவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்குப் பொரிந்த நம் மையத்துக் குஞ்சு ஒன்றின் காலில் உன் முட்டையின் எண் வளையத்தை மாட்டிவிட்டு, அது வெளிவந்த முட்டையைப் பொரிக்காத கூமுட்டை என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். நீ காட்டான் என்று பெயர் வைத்துக் கொஞ்சியது அவனைத்தான்.

காட்டு ரத்தம் என்று நம்பி அவனோடு ஏழு பெட்டைகளை ஜோடி சேர்த்தார்கள். பாதி முட்டை பொரிக்கவில்லை, பொரித்த குஞ்சுகளுக்கு விரல் கோணல். போன மாதம் புது டாக்டரம்மா பறவைகளின் ரத்தம் எடுத்து அனுப்பியதில், அந்தப் பெட்டைகளுக்கு இவன் கூடப்பிறந்தவன் மாதிரி என்று முடிவு வந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும், “அந்தப் பொண்ணு மலைக்கே போயிருக்க மாட்டா, இங்கேருந்தே ஒண்ண எடுத்துக் காட்டி ஏமாத்தியிருக்கா” என்றார். தீவனத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேனடி, வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. பெற்ற மகள்மேல் பழி விழுந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடவும் செய்தேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அன்னிக்கே சொல்லியிருந்தா அடுத்த பருவத்துலயே இன்னொரு முட்டை எடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா, இப்ப அந்த மலைச் சரிவே காட்டுத்தீயில எரிஞ்சு போச்சே” என்றார். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, உன்னைச் சொன்னது தப்பு என்றார், உன்மேல் இப்போது ஒரு சொல் இல்லை. ஜோடிகளைப் பிரித்தாயிற்று. எனக்குக் கூண்டு கழுவும் வேலை. அப்பா, “அவளுக்கு நீயே எழுது” என்று மட்டும் சொன்னார்.

இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். கோபம் வந்தால் போனில் நன்றாகத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. ஒன்று மறக்காதே, கூடு இருந்த இடத்தை எழுதிவைத்த நோட்டு உன்னிடம்தான் இருக்கும். எரியாத பாறையிடுக்கில் ஒன்றிரண்டு பறவையாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்க டாக்டரம்மா மலையேறப் போகிறாராம். அந்தப் பக்கத்தை அனுப்பு. என்னிடம் கொடுத்துவிட வேண்டாம், நேராக அவருக்கே அனுப்பு.

உன் அம்மா