மாத்திரை வாங்கப் போன வண்டி

நாகலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெயபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடும் கோழிகளும் சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். நீ போன் பண்ணினால் எதை முதலில் கேட்பாயோ அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன், உன் வண்டியும் நலம். அதன் பேட்டரி நலம், செயின் நலம், டயரில் காற்று குறையாமல் இருக்கிறது. அங்கே மஸ்கட்டில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு ஏசிக்கு அடியில் படுக்காமல் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். டீக்கடை முருகன் மகன் கோகுல் லீவு முடிந்து உங்கள் ஊருக்குத்தான் திரும்புகிறான். அவனிடம் காப்பித்தூளும் மிளகும் கொடுத்துவிட்டு, நடுவில் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். தூளைக் கொட்டும்போது இதைக் குப்பையில் போட்டுவிடாதே கண்ணு.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, எந்த டாக்டரும் என்னைக் கைவிடவில்லை. நீ பதறிப்போய் மேனேஜர் காலைப் பிடித்து லீவு வாங்கி, அடுத்த மாதம் வருவதற்கு டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். அந்த டிக்கெட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. நீ பேசும்போது நான் ம், ம் என்று மட்டும் சொன்னேனே, அதற்குக் காரணம் சீக்கு இல்லை, எதிரே நின்றுகொண்டு உங்கப்பா வாயைத் திறக்காதே என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் அப்பாடா என்று மூச்சு விட்டு, சரிங்கம்மா வண்டியைப் பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த நிமிஷமே டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்.

எல்லாம் உன் வண்டியால் வந்த வினை. போன லீவில் அந்த பைக்கை ஆசையாக வாங்கினாய், லீவு முடிந்ததும் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாய், வாரத்துக்கு ரெண்டு தடவை ஓட்டிவிடுங்க, இல்லாட்டி பேட்டரி செத்துப்போகும் என்று உங்கப்பாவிடம் சொன்னாய். அவர் பாவம், பழைய மொபெட்டில் உரமூட்டை ஏற்றிப் போன மனுஷன். உன் வண்டியோ ஒட்டகம் மாதிரி நிற்கிறது. அதில் ஏறுவதற்குத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கல்மேல் நின்று, முருகா என்று ஒரு காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிறார். ஏறிவிடுகிறார், சரி. இறங்க வேண்டாமா. கால் நுனிதான் தரையில் படுகிறது. அதனால் எங்கே ஒரு கல்லோ கட்டைச்சுவரோ இருக்கிறதோ அங்கேதான் வண்டி நிற்கும். டவுனுக்குப் போகிறேன் என்று கிளம்பி, நிறுத்த இடம் கிடைக்காமல் ஏரியைச் சுற்றிவிட்டு அப்படியே வீடு வந்து சேர்ந்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. கேட்டால், இயற்கைக் காட்சி பார்க்கத்தான் போனேன் என்கிறார். பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே கிடக்கிற மனுஷனுக்கு அறுபது வயதில் இயற்கைக் காட்சி.

இந்தப் பேச்சையெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது சனிக்கிழமையானால் கீழேயிருந்து கூட்டம் கூட்டமாக வருகிற பையன்கள்தான். போருக்குப் போகிற மாதிரி நெஞ்சுக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம், கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறார்கள். வந்து ஒரு பிரெட் ஆம்லெட் சாப்பிட்டு, பனிமூட்டத்தைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பப் போய்விடுகிறார்கள். அதில் ஒருவன் உன் வண்டியைப் பார்த்துவிட்டு, அங்கிள் சூப்பர், எங்கே போறோம்கிறது முக்கியமில்லை, போறதுதான் முக்கியம் என்று உங்கப்பாவிடம் சொல்லியிருக்கிறான். கடைசி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற எஸ்டேட் பொம்பளைகளிடம் அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டும், வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். உங்கப்பா மண்டையில் அது அப்படியே ஏறிவிட்டது. அன்றிலிருந்து வேலை என்று போவதில்லை, ரைடு என்று போகிறார்.

அதற்குத் தோதாக நீயும் மாசம் ஒரு பார்சல் அனுப்பினாய். கறுப்புச் சட்டை வந்தது, அதைப் போட்டுக்கொண்டு அவர் ரேஷன் கடைக்குப் போனார், வரிசையில் நின்றவர்கள் யாரோ ஆபீசர் செக்கிங் வந்துவிட்டார் என்று ஒதுங்கி வழி விட்டார்கள், அந்தப் பெருமையில் பருப்பு வாங்க மறந்து வந்துவிட்டார். சட்டையைத் துவைக்கும்போது தோளிலும் முதுகிலும் பஞ்சு பஞ்சாக ஏதோ இருந்தது, பார்சலுக்கு வைத்த அட்டை என்று எடுத்துப் போட்டுவிட்டேன், அதுதான் அடிபடாமல் காக்கிற சாமானாம், ஒரு நாள் முழுக்கக் குப்பைமேட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். செயினுக்கு அடிக்கிற எண்ணெயைக் கதவுக் கீலுக்கு அடித்தோம், நன்றாக இருக்கிறது. முழங்கால் கவசத்தை நான் எடுத்துக்கொண்டேன். காப்பிச் செடிக்கு அடியில் மண்டி போட்டுக் களை எடுக்க அதைப் போல ஒரு சாமான் கிடையாது சாமி, நீ அனுப்பியதிலேயே உருப்படியானது அதுதான். பக்கத்து வீட்டுத் தனலட்சுமி எனக்கும் ஒரு ஜோடி வேணுமுங்கக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி என் சீக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். எதிரே வருகிறவரைப் பார்த்து எங்கே போறீங்க என்று கேட்காமல் போனால் நம் மலையில் அது மரியாதை இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் அது இன்னும் மோசம். உங்கப்பாவையும் கேட்டார்கள். சும்மா ஒரு ரைடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா போகிறேன் என்றால் இங்கே யார் நம்புவார்கள். பெட்ரோலைப் போட்டுக்கொண்டு சும்மா போவானா ஒருத்தன், எதையோ மறைக்கிறான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தோட்டத்தை விலை பேசுகிறார் என்றார்கள் சில பேர். தனலட்சுமி ஒரு நாள் மெதுவாக வந்து, ஏனுங்க மாதம்மாக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, அண்ணன் செம்மநத்தத்துல இன்னொரு ஊடு வெச்சிருக்கறதா பேசிக்கறாங்க என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல் இல்லாமல் வண்டியை விட்டு இறங்க முடியாத மனுஷன் எங்கே போய் இன்னொரு வீடு வைப்பார். ஆனாலும் ஊர்வாய்க்குப் பயந்து, இனிமேல் யாராவது கேட்டால் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தொலையுங்க என்று நான்தான் சொன்னேன்.

சொன்னது என் தப்பு. அடுத்த தடவை கிளம்பியவரை டீக்கடை வாசலில் முருகன், ஏனுங்க மாதப்பண்ணா, எங்கீங்க இத்தன வேகமா என்று கேட்டிருக்கிறார். உங்க அண்ணிக்கு மாத்திரை வாங்கப் போறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். மருந்துக்கடை இருப்பது ஏற்காடு டவுனில். இவர் போனதோ அதற்கு நேர் எதிராகச் செம்மநத்தம் பக்கம். மருந்துக்கடையை விட்டுவிட்டுக் காட்டுப்பக்கம் போகிறார் என்றால் என்ன அர்த்தம், இங்கிலீஷ் மருந்துக்கு நோய் கேட்கவில்லை, பச்சிலை வைத்தியம்தான் இனி என்று ஆகிவிட்டது. இதில் உன் வண்டிக்கு ஒரு வியாதி, பகலிலும் முன்லைட் எரிகிறது, அணைக்கவே முடியாதாம். பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போகிற வண்டி ஆஸ்பத்திரி வண்டி ஒன்றுதானே. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் லைட் எரியுது என்று கையை மூடி மூடித் திறந்து காட்டியிருக்கிறார்கள். உங்கப்பா அதை இத்தனை நாளும் வணக்கம் என்று நினைத்து, மலையே நமக்குக் கும்பிடு போடுது மாதம்மா என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்கும் பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் அதைப் பார்த்து, கடவுள் விட்ட வழி என்று கையை விரிச்சுட்டுப் போறாரு பாவம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தனலட்சுமி முதலில் வந்தாள், கையில் ரொட்டி, கண்ணில் தண்ணீர். பின்னாலேயே ஆறேழு பேர், ஆளுக்கொரு சீப்பு மலைவாழை. நான் என்னமோ உங்கப்பாதான் எங்கேயோ விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். நான் அழுவதைப் பார்த்து, நோவு தாங்காமல் அழுகிறேன் என்று அவர்களும் அழுதார்கள். ஒருவழியாக விஷயம் புரிந்து, எனக்கு ஒன்றுமில்லை, நீங்களே பாருங்கள் என்று ஒரு மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். அப்போதும் விடுவார்களா. கூட வந்த ஒரு கிழவி, போறதுக்கு முந்தின நாளு சில பேருக்கு இப்படித்தான் கண்ணு நொம்பத் தெம்பா இருக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அதற்குள் கோகுல் உங்கள் ஊர்ப் பையன்கள் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு, அம்மா நலம்பெற வேண்டுவோம் என்று எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே, நல்ல மனசில்தான் போட்டிருக்கிறான். ஆனால் உன் தங்கச்சி சசிகலா கல்யாணத்தில் எடுத்த போட்டோ, தலைக்குப் பின்னால் பெரிய மாலை தொங்குகிறது, பார்த்தால் வேண்டுதல் மாதிரி இல்லை, காரியம் முடிந்த மாதிரி இருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் நீ போன் பண்ணியிருக்கிறாய். உங்கப்பாவின் போன் வண்டியின் முன்னால் நீ வாங்கிக்கொடுத்த பிடிப்பானில் இருந்தது. உன் பேர் வந்ததைப் பார்த்தார், கல்லைத் தேடினார், கல் இல்லை, கட் பண்ணிவிட்டார். திரும்பத் திரும்ப நீ அடிக்க அவர் திரும்பத் திரும்பக் கட் பண்ண, உனக்கு உயிரே போயிருக்கும் கண்ணு. ராத்திரி உன்னிடம் பேசிவிட்டு அவர் உள்ளே வந்தார். ஜேபி டிக்கெட் போட்டுட்டான், நாளைக்கு அவன் போன் பண்ணினா நீ ஒண்ணும் பேசாத, அவன் வர்ற வரைக்கும் போத்திட்டுப் படுத்துக்கோ, வந்தப்புறம் சொல்லிக்கலாம் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் சரி என்றுதான் படுத்தேன். அரை நாள் படுத்திருப்பேன். கோழி எல்லாம் காப்பிக்கொட்டைமேல் ஏறிச் சீய்த்துவிட்டது, மாடு கத்துகிறது, உங்கப்பா வைத்த ரசத்தைக் குடித்தால் நிஜமாகவே படுத்துவிடுவேன் போலிருந்தது. எழுந்துவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் சீக்கு என்று பொய் சொல்லி வரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாமேல் கோபப்படாதே. நான் எழுத்தில் எவ்வளவு கேலி செய்தாலும் ஒன்று சொல்கிறேன். அவருக்கு வண்டிமேல் ஆசையும் இல்லை ஒன்றும் இல்லை. முன்னெல்லாம் நீ போனில் அவரிடம் நல்லா இருக்கீங்களாப்பா, அம்மாகிட்ட குடுங்க என்று ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். வண்டி வந்த பிறகுதான் செயின் எப்படி, பிரேக் எப்படி என்று அவரோடு பத்து நிமிஷம் பேசுகிறாய். உனக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்பதற்காகவே அந்த வயசில் கல்மேல் ஏறிப் போய்ச் சுற்றிவிட்டு வருகிறார்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாமல் யோசித்துப் பார். தலைச்சோலையில் உன் தங்கச்சி சசிகலா மகளுக்கு இரண்டு தடவை காதுகுத்துக்கு நாள் பார்த்தோம். ரெண்டு தடவையும் லீவு கிடைக்கவில்லை என்றாய். நம் பங்காளிப் பையன் யாராவது மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அவள் மாமியார் வீட்டில் சொன்னார்கள், அண்ணன் மடியிலதான் குத்தணும், இல்லாட்டி வேண்டாம் என்று சசிகலா ஒரே பிடியாக நிற்கிறாள். கவிப்பிரியாவுக்கு மூணு வயசாகி, காதில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். யார் கேட்டாலும், எம் மாமன் பிளேன்ல வரும் என்கிறாள். அம்மா சாகக் கிடக்கிறாள் என்றதும் ஒரே நாளில் கிடைத்த லீவு, அம்மா நல்லா இருக்கிறபோது மட்டும் ஏன் கண்ணு கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருப்பதுதான் நீ வராமல் இருப்பதற்குக் காரணம் என்றால், நாங்கள் என்னதான் செய்வது, நீயே சொல்.

உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி உன் இஷ்டம். மேனேஜரிடமும் உள்ளதைச் சொல், எங்கம்மாவுக்கு ஒன்றுமில்லை, அதனால் பார்க்கப் போகிறேன் என்று சொல். அவருக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள்.

கோகுல் கொண்டு வருகிற மிளகைக் கொஞ்சம் வெயிலில் காயவைத்து எடுத்து வை. வெளியே போகும்போது ஹெல்மெட் போட்டுக்கொள். சேர்வராயனும் காவேரியம்மனும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு சாமி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, டிக்கெட்டை ரத்து செய்யாதே. சீக்காளி அம்மாவைப் பார்க்க எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். நீ நல்லா இருக்கிற அம்மாவைப் பார்க்க வா.

இப்படிக்கு
நல்ல சுகத்தோடு இருக்கும் உன் அம்மா
மாதம்மாள்