சாப்பாட்டு நேரத்தில் வந்த அதிகாரி

அன்புள்ள அக்கா,

நேற்று சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் மகளுக்குச் சந்தன பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைத்தாள். நீங்கள் இருந்திருந்தால் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் அதனால்தான் எழுதுகிறேன்.

பவுடரால் நாம் கெட்ட நாள் ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில், வயது ஏறிவிட்டது என்று சிறப்புப் பள்ளிகள் திருப்பி அனுப்பிய நம் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் என்றுதான் வாயில் வருகிறது. உங்கள் மகள் ஸ்டெல்லா அப்போதே நல்ல வளர்ந்த பெண், என் தம்பி முரளிக்கு மீசை இருந்தது. இருவருக்கும் சோறு ஊட்டித்தான் விடவேண்டும். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருகிறவர்கள் இருந்தார்கள், போர்வை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். மாதா மாதம் ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளுக்குப் பழகிய ஆயா ஒவ்வொருத்தியும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விடுவாள். கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.

அரசாங்க உதவிக்கு மனுப் போட்டோம். அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் நமக்குக் கல்யாண வீட்டுப் பரபரப்பு. எல்லோருக்கும் புதுத்துணி, படிய வாரிய தலை, முகமெல்லாம் பவுடர். கத்துகிற பிள்ளைகளை அன்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். ஸ்டெல்லா அழகாகக் கும்பிட்டாள். அதிகாரிக்கு ஏக சந்தோஷம். இங்கே ஒரு குறையும் இல்லை என்று கன்னடத்தில் பாராட்டி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். குறையில்லாத இடத்துக்கு உதவி எதற்கு? மனு தள்ளுபடியானது.

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. "அடுத்த தடவ சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லு கீதா. ஒருத்தருக்கும் தல வாராதே" என்றீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை ஊரான் முன்னால் அப்படியா நிறுத்துவது என்று உங்களோடு சண்டைக்கு வந்தேன்.

"நாம வெக்கப்பட்டா நஷ்டம் நமக்கில்ல, அதுங்களுக்கு. நான் போற அன்னிக்கு இவளுக்கு யாரு சோறு ஊட்டுவா? அத மட்டும் சொல்லு."

மறுநாளே உங்களோடு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

நடையாய் நடந்து அந்த அதிகாரியை மறுபடி வரவழைத்தோம். மதியம் ஒரு மணி. ரசம் சாதம். கத்துகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், ஊட்டுவதற்குக் கை போதவில்லை. நீங்கள் முரளியின் தட்டை அவர் கையில் கொடுத்து, "ஸ்வல்ப ஹிட்கொள்ளி சார்" என்றீர்கள். கொஞ்சம் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனீர்கள், அப்புறம் ஆளையே காணோம். உங்கள் அழுத்தம் யாருக்கு வரும்! பாவம் மனிதர், சற்று விழித்தார். முரளி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அவர் உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்தார். புரையேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது. பாதி ரசம் அவர் சட்டையில். நீங்கள் திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"தினமும் இப்படித்தானாம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"மூணு வேளையும் சார். நாங்க இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அதக் கேக்கத்தான் சார் உங்களக் கூப்பிட்டோம்."

நல்ல மனிதர். கட்டடம், கட்டில் என்று எழுதாமல், ஆயாக்களின் சம்பளத்துக்கே உதவி வேண்டும் என்று எழுதினார். ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது. நான் ஸ்வீட் வாங்க ஓடினேன். "ஒரு வருஷத்துக்கு எதுக்குடி ஸ்வீட்? அடுத்த வருஷம் இவளுக்குப் பசிக்காதா?" என்று என்னைப் பிடித்து நிறுத்தினீர்கள். பிறகு அந்த ஆபீஸ் படிகளைத் தேய்த்தோம். உங்களைக் கண்டாலே வாட்ச்மேன் "அம்மா பந்த்ரு", அம்மா வந்துட்டாங்க என்று உள்ளே குரல் கொடுப்பார். வருஷா வருஷம் உதவி தொடரும் என்று உத்தரவு வந்த அன்றுதான் நீங்களே பேக்கரிக்குப் போய், தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கி வந்தீர்கள். எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு உங்களுக்கு எடுத்துக்கொள்ள மறந்தீர்கள்.

இப்போது ஆயாக்கள் நிலைத்து நிற்கிறார்கள். பணம் தாமதமானால் உங்களைப் போலவே போய் உட்கார்ந்துகொள்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஓர் அப்பா, ஆபீசர் வரும் நாளில் மகனுக்கு டை கட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் சார், அவன் சாப்பிடும்போது அவர் பார்க்கட்டும் என்றேன். வெட்கப்படாமல் கேட்க எனக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். அந்த நன்றியை உங்களிடம் நேரில் சொன்னதே இல்லை, சொன்னாலும் "போடி" என்றிருப்பீர்கள்.

உங்களை அடக்கம் செய்த அன்று, கூட்டம் ஸ்டெல்லாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆயாவோடு ஹாலுக்கு அனுப்பிவிட்டோம். கல்லறையிலிருந்து திரும்பும்போதுதான் எனக்குத் திக்கென்றது. அவள் சாப்பிட்டாளா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஆயா அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணிக்கே ஊட்டிட்டேம்மா. தட்டத் தட்டி இன்னும் கேட்டா, போட்டேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அக்கா. நீங்கள் போன அன்றும் உங்கள் மகள் நேரத்துக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டாள். முரளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தைரியம்.

உங்கள்
கீதா