பதினான்கு பேர் போவார்கள்

பிப்ரவரி 3

சட்டமன்றத் தேநீர் அறையில் பந்தயம் தொடங்கிவிட்டது. நூற்று இருபது உறுப்பினர்களில் எத்தனை பேர் அடுத்த தேர்தலில் நிற்க மாட்டார்கள்? கட்சி சீட் கொடுக்காமல் விட்டவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். தானாக வாயைத் திறந்து ‘எனக்குப் போதும்’ என்றால்தான் சேர்த்தி. ஆளுக்கொரு எண் சொல்ல, டீ போடுகிறவர் அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுகிறார். சபாநாயகருக்கும் விஷயம் தெரியும். சர்க்கரை எடுக்க அந்தக் கதவைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஜெயித்தவர், அவையின் கடைசி நாள் மதிய விருந்தில் போகிறவர்களை ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்திக் கிண்டலடித்துப் பேசலாம். யாரும் குறுக்கிடக் கூடாது. எங்கள் அவையில் ஒருவர் குறுக்கீடு இல்லாமல் பேசி முடிப்பது அந்த ஒரு நாள்தான். போன முறை ஜெயித்தது எதிர்வரிசை அக்கா. அவையில் எங்கள் கட்சியை நார்நாராகக் கிழிப்பார், தேநீர் அறையில் எனக்கென்று பிஸ்கட் எடுத்து வைத்திருப்பார்.

நான் பதினான்கு என்றேன். அக்கா பதின்மூன்று.

“உங்களுக்கு மாட்டைப் பத்தித் தெரியும் டாக்டரே, மனுஷங்களைப் பத்தி என்ன தெரியும்?”

அரசியலுக்கு வருமுன் நான் கால்நடை மருத்துவன். பார்க்கலாம் அக்கா, பார்க்கலாம்.

பிப்ரவரி 5

வலி எங்கே என்று சொல்லத் தெரியாத நோயாளிகளிடம் தொழில் படித்தவன் நான். உறுப்பினர்கள் வாயால் சொல்வதை நம்பமாட்டேன். மூன்று அறிகுறிகள் வைத்திருக்கிறேன். தேர்தலுக்குப் புதுப் புகைப்படம் எடுப்பதைத் தள்ளிப்போடுவது. தொகுதி அலுவலகத்தில் கூரை ஒழுகினால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடுவது. அவையில் அடுத்தவர் பேசும்போது நிஜமாகவே கேட்பது. மூன்றாவது வந்துவிட்டால் முற்றிவிட்டது என்று பொருள். மறுபடி நிற்கப்போகிறவன் அந்த நேரத்தில் தன் பேச்சைத்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பான்.

பதினான்கு பேருக்கு இது பொருந்துகிறது. முதல் ஆள் எங்கள் கட்சிப் பெரியவர் ‘கடைசித்தடவை’. ஒவ்வொரு தேர்தலிலும் “இதுதான் கடைசித் தடவை” என்று சொல்லி ஓட்டு கேட்டதால் வந்த பெயர். இந்த முறை நிஜம். முட்டி வலி, ஒழுகும் கூரை, எல்லாம் இருக்கிறது.

பிப்ரவரி 11

ஆறு பேர் அறிவித்துவிட்டார்கள். ஆறும் என் ஆட்கள்! அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

பிப்ரவரி 17

காலையில் சாப்பிடும்போது மூன்று அறிகுறிகளையும் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மருந்துக் கடை நடத்துகிறவள், எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள்.

“போட்டோ எடுக்க வரச் சொல்லி உங்க கட்சி ஆபீஸ்லேர்ந்து எத்தனை தடவை கூப்பிட்டாங்க? உங்க தொகுதி ஆபீஸ்ல ஒழுகுற இடத்துல வாளி வெச்சிருக்கீங்க. மூணாவது மட்டும் எனக்குத் தெரியாது.”

“வாளி தற்காலிகம்.”

“போன மழைக்காலத்துலேர்ந்தா?”

நான் நிற்பேன். நிற்காமல் வேறு என்ன செய்வது?

பிப்ரவரி 18

வடிகால் மசோதா. அக்கா முக்கால் மணி நேரம் பேசினார். முழுவதும் கேட்டேன். கவலையாக இருக்கிறது.

பிப்ரவரி 24

தொகுதிச் சுற்றுப்பயணம். சாலை சரியில்லை என்ற மனுவை வாங்க ஒரு வீட்டுக்குப் போனேன். மனு கொடுக்க வேண்டிய அம்மா தொழுவத்தில் அழுதுகொண்டு நின்றார். பசுவுக்குப் பிரசவம், கன்று வெளியே வரவில்லை. மருத்துவர் வேறு ஊரில் இருக்கிறாராம்.

சட்டையைக் கழற்றித் தொகுதிச் செயலாளர் கையில் கொடுத்தேன். சோப்பு, வெந்நீர். கையை உள்ளே விட்டதும் தெரிந்துவிட்டது: கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடக்கிறது. மெல்ல உள்ளே தள்ளி, தலையை நேராக்கி, பசு முக்கும்போது மட்டும் இழுத்தேன். சரேலென்று என் மடியில் வந்து விழுந்து தும்மியது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நீங்க நெஜமாவே டாக்டரா? பேருக்கு முன்னாடி சும்மா போட்டுக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

எந்த மசோதா நிறைவேறியும் நான் இப்படிச் சிரித்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்தார். மனுவை வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 26

போய்விடலாமா?

போனால் யார் கூப்பிடுவார்கள்? இப்போது ஃபோன் ஓயாமல் அடிக்கிறது, எரிந்து விழுகிறேன். அது அடிக்காமல் கிடந்தா? பயமா இருக்கு — அதான் உண்மை. பதவி இல்லாட்டி நான் யாரு? பத்து வருஷமா ஒரு ஊசி போட்டதில்லை. கை மறந்திருக்கும்னு நெனச்சேன்.

மறக்கலையே.

மார்ச் 2

எண்ணிக்கை பதின்மூன்று. இன்னும் அறிவிக்காத என் ஆள் கடைசித்தடவை மட்டும். அவர் வாயைத் திறந்தால் நான் ஜெயித்தேன்.

நடைபாதையில் கட்சிக் கொறடா மடக்கினார். “டாக்டரே, சிரிச்ச மாதிரி ஒரே ஒரு போட்டோ குடுங்க, போதும்.”

மார்ச் 4

கடைசித்தடவை நிற்கிறாராம்! கூரையை மாற்றிவிட்டார். “இதுதான் கடைசித் தடவை” என்று பேட்டி வேறு. அக்கா தேநீர் அறையில் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்.

ஒரே ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது போய் விலகினால் பந்தயத்துக்காகப் போனான் என்று ஊரே சிரிக்கும். பேசாமல் நின்றுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

“பந்தயமே இல்லேன்னா என்ன செய்வீங்க?”

“போயிடுவேன்.” யோசிக்காமல் வந்துவிட்டது.

அவள் சிரித்துவிட்டாள். “அப்ப போங்க. கேலிக்குப் பயந்து எலக்‌ஷன்ல நின்னாருன்னு பேர் வாங்காதீங்க.”

மார்ச் 6

சொல்லிவிட்டேன். கொறடா முதலில் ஜோக் என்று நினைத்தார், புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் அறையில் அக்கா எழுந்து நின்று ஆட்சேபித்தார். “இது மோசடி! தன்னைத்தானே எண்ணிக்கிறதுக்கு எந்த விதியில இடம் இருக்கு?”

“கூடாதுன்னும் எந்த விதியிலயும் இல்லீங்களே,” என்று டீ போடுகிறவர் தீர்ப்புச் சொல்லி, பதினான்கைச் சுற்றி வட்டம் போட்டார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எண்ணிக்கை சரி. ஆளுதான் தப்பு.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “நெஜமாவே போறீங்களா? இனிமே நான் யாரைத் திட்டுறது?”

ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

மார்ச் 20

மதிய விருந்து. பதின்மூன்று பேரை வாரு வாரென்று வாரினேன். சபாநாயகருக்குப் புரையேறியது. பதினான்காவது ஆள் நானேதான். கண்ணாடியைத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

அக்கா எழுந்தார். குறுக்கிடக் கூடாது என்ற விதியை முதல் முறையாக மீறினார், யாரும் தடுக்கவில்லை.

“இந்த அவையில நான் பேசினதை முழுசாக் கேட்ட ஒரே ஆளு இவர்தான். வடிகால் மசோதா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 9

என் கிளினிக்கில் காலையில் மூன்று நாய்கள், ஒரு கிளி, கால் சுளுக்கிய ஆடு. கிளி கடித்துவிட்டது.

மாலையில் அவை முடிந்த கையோடு, மறுபடி ஜெயித்த அக்கா வந்தார், கூடையில் பூனையோடு. சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தூக்கினால் என் கை வலிக்கிறது, அவ்வளவு கனம். நான் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புதிய குடிநீர் மசோதாவைப் பிளந்து கட்டினார். முடியும் வரை கேட்டேன்.

பூனைக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த வாரமும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.